பூட்டிய கேட்டைத் தாண்டி

கரமனைப் பாலத்தடியில் இறங்கி, ஆற்றோரமாகவே கடல்வரை போய்விடலாம் என்று தனியாக நடக்கிறேன். அக்ரகாரத் தெருக்கள் முடிந்து வெகுதூரம் ஆகிவிட்டது. இப்போது கம்பெனிச் சுவர்கள்தான். ஒரு குழாயிலிருந்து சாம்பல்நிற நுரை ஆற்றில் விழுகிறது. ரப்பர் வாடை விடாமல் கூடவே வருகிறது.

ஒரு கேட்டின் முன்னால் நீலச் சேலை கட்டிய பெண் ஒருத்தி நிற்கிறாள். கேட்டில் பூட்டு, பக்கத்தில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ்.

“அக்கா, இதுல என்ன எழுதியிருக்கு? எனக்கு மலையாளம் பேசத்தான் வரும்.” தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

மறு அறிவிப்பு வரும்வரை கம்பெனி மூடப்பட்டிருக்கும் என்று வாசித்துச் சொல்கிறேன். என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

அவள் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். “நீங்க எங்க போறீங்க?”

“சும்மாதான், கடல் வரைக்கும்.”

“இந்த வழி கடலுக்கா போகுது? எட்டு வருஷமா இங்க வேலைக்கு வாறேன், இந்த கேட்டத் தாண்டிப் போனதில்ல.” கொஞ்சம் தயங்குகிறாள். “இப்பவே திரும்பினா வீட்டுல என்னன்னு சொல்ல? நானும் கூட வரட்டா?”

சேர்ந்து நடக்கிறோம். சுவர்கள் முடிந்து ஆறு அகலமாகும் இடத்தில், அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். தோளில் கைவைத்து நிற்கிறேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்கிறாள்: “இன்னும் எவ்வளவு தூரம்க்கா?”