ஒரே நாளில் போட்ட குளியலறை

அன்று காலை எட்டு மணிக்கு என் வீட்டில் இருந்தவர்கள்: தரைக்கல் போடுகிறவர், பத்தாங் பெர்ஜுந்தாய் ஆள், ஐம்பது வயது இருக்கும். அவருக்குச் சிமெண்டு குழைக்க வந்த இந்தோனேசியாக்காரர். பைப் வேலைக்கு ஒரு சீனர், தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒயர் இழுக்க ஒரு மலாய்க்காரர். பிறகு நான்.

என் மனைவி இல்லை. முட்டியில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

வேலை அவளுக்காகத்தான். புக்கிட் ரோத்தானில் நாங்கள் இருக்கும் வீட்டில் குந்துகிற கக்கூஸ்தான் இருந்தது. இனிமேல் குந்தக்கூடாது, ஈரத்தில் கால் வைக்கக்கூடாது, ஒரு தடவை வழுக்கி விழுந்தால் அந்தக் கால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் உட்காருகிற கக்கூஸ், வழுக்காத கல், பிடித்துக்கொள்ளக் கம்பி, புது விளக்கு. பைப்புக்கு ஒரு நாள், ஒயருக்கு ஒரு நாள், கல்லுக்கு இரண்டு நாள் என்று பேசி வைத்திருந்தேன். நான்கு நாள் வேலை.

முந்தின நாள் மத்தியானம் மகள் போன் செய்தாள்.

"நாளன்னைக்குக் காலையில அம்மாவ வீட்டுக்கு அனுப்புறாங்களாம்பா. வேல முடியலன்னா சொல்லுங்க, புக்கிட் செந்தோசாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு வாரம் இருக்கட்டும். அவரும் அதத்தான் சொல்றாரு."

"மருமகன் வீட்டுல அவ எப்படிம்மா கால நீட்டிக்கிட்டு கெடப்பா? வேணாம். நான் முடிச்சிடுறேன்."

மனைவியைக் கேட்கவில்லை. மருமகன் நல்ல பையன். கூச்சம் எனக்குத்தான். பெண் கொடுத்த வீட்டில் நான் ஒரு வேளைக்கு மேல் சாப்பிட்டதில்லை. அந்தக் கூச்சத்துக்காக நான்கு பேருக்கும் போன் போட்டு, எல்லாரும் நாளைக்கே வாருங்கள் என்றேன்.

மணல் லோரி வந்து வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டது. மணலில் ஏறித்தான் உள்ளே வரவேண்டும். சீனர் வந்ததும் மெயின் பைப்பை மூடினார். சிமெண்டுக்குப் பிடித்து வைத்த பீப்பாயைத் தவிர தண்ணீர் இல்லை. ஒயர்க்காரர் கரண்டை அணைத்தார். கல் வெட்டுகிற மிஷின் பாதியில் நின்றது.

"யாரு கரண்ட ஆஃப் பண்ணது?" கல் போடுகிறவர் உள்ளிருந்து கத்தினார்.

"செக்கெஜாப், செக்கெஜாப்," என்றார் ஒயர்க்காரர். கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

"காலையிலேருந்து இவருக்கு செக்கெஜாப்தான். என் சிமெண்டு காத்துக்கிட்டு நிக்குமா?"

"ஒன் சிமெண்டுக்கு இன்னிக்கு முகூர்த்தமா? நில்லு லா," என்றார் சீனர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சீனர் பைப்புக்காகச் சுவரை உடைத்தார். உடைத்த இடத்தில் அப்போதுதான் இழுத்த ஒயர் இருந்தது. மறுபடி இழுத்தார்கள். மணி இரண்டு ஆகிவிட்டது.

கல் போடுகிறவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னிக்கு அடி சிமெண்டு மட்டும் போட்டுடுறேன். நாளைக்குக் காஞ்சதும் தண்ணி ஊத்தி வாட்டம் பாப்போம். தண்ணி போற ஓட்டைப் பக்கம் ஒழுங்கா ஓடினாத்தான் கல்லு போடணும்."

தரையின் சரிவைத்தான் வாட்டம் என்பார்கள்.

"நாளைக்கு வீட்டுக்காரி வந்துடுவாங்க தம்பி."

"ஒரு ரெண்டு நாள் வேற எங்கயாச்சும் இருக்க முடியாதா?"

நான் செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவன். அங்கே எங்கள் வழக்கம் ஒன்று. ஆளுக்கு இத்தனை மரவரிசை என்று நிரை பிரித்துக் கொடுப்போம். கொடுத்த நிரையை முடித்தவன் எத்தனை மணி ஆனாலும் வீட்டுக்குப் போகலாம், முழு நாள் சம்பளம் உண்டு. ஆட்கள் பறப்பார்கள். புல் சரியாக வெட்டாவிட்டால் என்ன, அடுத்த மாதம் மறுபடி வெட்டலாம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அதையே அவரிடமும் காட்டினேன்.

"கல்லயும் இன்னிக்கே போட்டுடுங்க. எத்தன மணிக்கு முடியுதோ அப்பவே கெளம்புங்க. நாளைக்கு உள்ள சம்பளத்தையும் சேத்து வாங்கிக்குங்க."

"இது புல்லு வெட்டுற வேல இல்லண்ணே."

"எனக்கே வேல சொல்லித் தர்றீங்களா?"

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் ஆட்களை அதட்டுகிற குரல் அது. என் வாயில் இன்னும் இருந்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். இந்தோனேசியாக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு பேரும் குனிந்தார்கள்.

ஐந்தரைக்கு முடிந்துவிட்டது. கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"ஒரு மக்கு தண்ணி குடுங்கண்ணே, ஊத்திப் பாத்துடுறேன். தப்பா இருந்தா இப்பவே பேத்துடலாம். காஞ்சா ஒடைக்கணும்."

தப்பாக இருந்தால் பெயர்க்க வேண்டும். பெயர்த்தால் இன்றைக்கு முடியாது.

"தண்ணி இல்ல. பீப்பாயும் காலி, மெயினும் மூடிக் கெடக்கு," என்றேன்.

வீடு துடைக்கக் காலையிலேயே இரண்டு வாளி பிடித்துப் பின்பக்கம் வைத்திருந்தேன். நிறைய இருந்தது. அவர் அந்த வழியாகத்தான் போனார். பார்த்திருப்பார்.

மறுநாள் காலை என் மனைவி வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு புதுக் கக்கூஸில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஓட்டல் மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க," என்றாள். அதற்கும் அடுத்த நாள்தான் குளிக்கப் போனாள்.

"ஏங்க, தண்ணி கதவுப் பக்கம் வருதுங்க."

போய்ப் பார்த்தேன். ஓட்டை ஒரு மூலையில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் கதவடியில் ஒரு விரல் உயரம் நின்றது. அவள் கால் வைக்க வேண்டிய இடத்தில்.

"வேல தெரியாத ஆளப் புடிச்சிருக்கீங்க," என்றாள். அவளே அவருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். திட்டினாள். அந்தப் பக்கம் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"தப்புதான் அக்கா. நாள் சொல்லுங்க, வந்து பேத்துப் போட்டுத் தர்றேன். காசு வேணாம்."

என் பேரை எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அவள் போனை வைத்துவிட்டு, "மறுபடி ஒடச்சா நான் எங்க போறது?" என்றாள். மகள் வீடு இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வரிசையில் எல்லாரிடமும் அந்த ஆளைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். இரண்டு வீடு தள்ளிக் கல் போட வேண்டியிருந்தது. வேறு ஆள் வந்து போட்டான்.

அவர் எனக்கு இரண்டு தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. அவர் வந்தால் இவள் அவர் முகத்துக்கு நேரே கேட்பாள். வேறு ஆள் வந்தாலும், தண்ணி ஊத்திப் பார்க்காமல் யார் கல் போட்டது என்றுதான் முதலில் கேட்பான். அப்போது நான் சொல்ல வேண்டிவரும். எட்டு மாதம் ஆகிவிட்டது.

தண்ணீர் தள்ளுகிற ரப்பர் கட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். ஒரு கை கம்பியில், ஒரு கை கட்டையில். நல்ல காலை முன்னால் வைத்து, தண்ணீரை ஓட்டைக்குத் தள்ளுவாள். இதுவரை விழவில்லை. நான் இருந்தால் நான் தள்ளுவேன். ஆனால் காலை ஏழிலிருந்து ராத்திரி ஏழு வரை எனக்கு ஒரு கிடங்கைக் காவல் காக்கிற ஜாகா வேலை.

நேற்று காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. கட்டைச் சத்தம் கேட்டு எழுந்தேன்.

"நீங்க படுங்க. எனக்குப் பழகிப்போச்சு," என்றாள்.

படுத்தேன். குளித்த பிறகு தள்ளினாள். துணி அலசிய பிறகு தள்ளினாள். கால் கழுவினால்கூடத் தள்ள வேண்டியிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை எண்ணினேன்.

ஒன்பது தடவை.