மின்வெட்டு நேரக் கச்சேரி

கரண்ட் எப்போது போகும் என்று ஆசையோடு காத்திருந்த ஒரேயொரு ஆளை எனக்குத் தெரியும். எங்கள் தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் குடியிருந்த நாடகக்காரப் பிள்ளைதான் அது. மற்ற எல்லோரும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவள் அதைப் பார்த்து ஒத்திகைக்கு நேரம் குறித்தாள். அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்த காலம் அது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் கட்டடம் இருந்தது. டீசல் வரிசை, காஸ் வரிசை, பால்மா வரிசை என்று ஊரே வீதியில் நின்ற வருடம். மழையும் பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதில் பகலில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று கரண்ட் போனது. கடற்காற்று அள்ளிக்கொண்டு வரும் என்று சொல்லித்தான் ஐந்தாம் மாடி வீட்டை எங்கள் தலையில் கட்டினார்கள். அந்த வருட வெக்கையில் காற்று எங்கே போனதென்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மூச்சே மெஷினில்தான் ஓடியது. என் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஒட்சிசன் மெஷினோடுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். குட்டி அலுமாரி அளவு மெஷின். உஷ் என்று இழுக்கும், டொக் என்று விடும். கரண்ட் போனால் அதை ஓட்ட ஒரு பற்றரி. பற்றரியும் இறங்கினால் கட்டிலோரத்தில் ஒரு சிலிண்டர். அதை ஸ்பானர் போட்டுத் திருகித் திறக்கவேண்டும். அவருடைய கை நடுக்கத்துக்கு அது ஆகாத காரியம். ஆகவே நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பற்றரி எவ்வளவு ஏறியது, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத் தவிர வேறு கணக்கு எதுவும் அப்போது என் தலையில் இல்லை. குளிக்கப் போனாலும் கதவைச் சாத்தாமல்தான் போனேன்.

ஒருநாள் அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்றாள்.

"அன்ரி, கரண்ட் போகேக்க ஃபான், பிரிட்ஜ், லிப்ட் எல்லாம் நிண்டுபோகுதெல்லே? அந்தச் சத்தங்களை எல்லாரும் சேர்ந்து வாயால போடப்போறம். பின்னால கார் பார்க்கில, இருட்டில. நீங்களும் வாங்கோவன்."

"எனக்கு வேற வேலை இல்லையெண்டு நினைச்சியே?" என்றேன்.

கட்டிலில் கிடந்தவருக்குக் காது மட்டும் நல்ல கூர்மை. "இஞ்சரும், எங்கட மெஷினையும் சேர்க்கச் சொல்லும். இந்தக் கட்டடத்திலயே பெரிய வித்துவான் அதுதான்," என்றார். சொல்லி முடிக்க முன்னமே இருமல் வந்துவிட்டது.

அவள் உள்ளே வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் கேட்டாள். "கச்சேரி இதிலதான் முடியோணும்," என்றாள்.

எனக்குத் துளியும் விருப்பமில்லை. அவர்தான் விடவில்லை. "நாள் முழுக்க என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர். சாவுக்குக் காவல் இருக்கிற மாதிரிக் கிடக்கு. ஒருக்கா கீழ போட்டு வாரும்," என்றார். அது என்னைச் சுட்டது. பற்றரி நிறைய ஏறியிருந்த நாளாகப் பார்த்துப் போனேன்.

போன இடத்தில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகச் சிரித்தேன். முதலாம் மாடியில் குடியிருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் புடைவைக்கடைக்காரர்தான் ஜெனரேட்டர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் குடுகுடுவென்று தொடங்கினால் டீசல் மணப்பதுபோலவே இருக்கும். கட்டடத்தின் சிங்களக் காவல்காரர் தண்ணி மோட்டர். ஏசி, மிக்ஸி, லிப்ட் என்று மற்றவர்கள். எல்லாச் சத்தமும் ஒன்றாக எழுந்து காதைப் பிளக்கும்போது பிள்ளை நடுவில் வந்து நிற்பாள். "நீ இல்லாமல் சமாளிக்கலாமா?" என்று ஒவ்வொரு மெஷினிடமும் கேட்பாள். முதலில் ஏசி அடங்கும், பிறகு மிக்ஸி, பிறகு லிப்ட். ஜெனரேட்டர் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அடங்கும். கடைசியில் நான் மட்டும். உஷ், டொக். என்னிடம் மட்டும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பூமி சூடேறுவதைப் பற்றியும் நாங்கள் எரித்துத் தள்ளுவதைப் பற்றியும் அவள் தந்த விளக்கங்கள் என் மண்டையில் ஏறியதில்லை. அந்த இடத்தில் நின்றபோதுதான் விளங்கியது.

"டீச்சர், ஒங்கட மெஷின்தான் எல்லாத்திலயும் நல்லா ஈக்கிது," என்றார் நானா. நான் கொஞ்சம் பெருமைப்பட்டும் விட்டேன்.

கச்சேரி நாளும் வந்தது. அன்று பகலில் போன கரண்ட் பிந்தித்தான் வந்தது. பற்றரி பாதிதான் ஏறியிருந்தது. இருந்தாலும் கச்சேரி முடிந்து நான் படியேறி வரும்வரை தாங்கும் என்று கணக்குச் சொன்னது. கரண்ட் போனால் போன் டவரும் செத்துவிடும். ஆகவே யன்னலை அகலத் திறந்து வைத்தேன். ஓட்டம் நின்றால் மெஷின் பீப் பீப் என்று கத்தும், கீழே கேட்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். போகும்போது இரண்டு தடவை திரும்பி வந்து பார்த்தேன். "போம் அப்பா," என்று அவர் கையைக் காட்டினார்.

பொழுதுபட்டிருந்தது. பக்கத்து ஒழுங்கைச் சனமும் வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மெஷினாக அடங்கி, கடைசியில் என்னுடைய உஷ், டொக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேலேயிருந்து பீப் என்று கேட்டது.

அது புதிதாகச் சேர்த்த சங்கதி என்று நானா நினைத்துவிட்டார். அவரும் பீப் என்றார். காவல்காரர் எடுத்தார், மிக்ஸி எடுத்தது, லிப்ட் எடுத்தது. எல்லோரும் சேர்ந்து தாளம் பிசகாமல் பீப், பீப் என்று கத்தினார்கள். சனம் கைதட்டியது. அந்த இரைச்சலில் முதலில் கேட்டது மேலேயிருந்து வந்ததா, இவர்களுடைய வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே குழம்பிவிட்டது. ஒரு கணம் நானும் இது இவர்களுடைய கூத்துத்தான் என்று நின்றேன். பிறகு ஓடினேன்.

லிப்ட் செத்துக் கிடந்தது. படியில் கும்மிருட்டு. பிள்ளையைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன், கணக்குப் பார்த்த என் மண்டையைத் திட்டினேன். உள்ளே போனபோது அவர் கட்டில் விளிம்பில் முழங்காலைப் பிடித்துக் குனிந்திருந்தார். டோர்ச் வெளிச்சத்தில் உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. ஸ்பானர் என் கையிலிருந்து இரண்டு தடவை வழுக்கியது. சிலிண்டர் திறந்து, மாஸ்க்கை அவர் முகத்தில் அமத்திப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். மெல்ல மெல்ல அவருடைய தோள் இறங்கியது.

கீழே இன்னும் பீப், பீப். என்ன வடிவான தாளம்! யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

எல்லோரும் படியேறி வந்துவிட்டார்கள். "எங்களுக்கு வெளங்கல்ல டீச்சர்," என்று நானா மூச்சிரைக்க வாசலில் நின்று அழுதார். நான் ஒருவரையும் விட்டுவைக்காமல் ஏசினேன். பிள்ளை சுவரோடு ஒட்டி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். இனி என்னைக் கூப்பிட்டால் நடக்கிறதே வேறு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அதைத் திறக்க வைத்தவரும் என் கணவர்தான். தன்னால் கச்சேரி நின்றது என்ற பேச்சு வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். நானா தன் கடையிலிருந்த பெரிய பற்றரியைச் சுமந்து வந்து எங்கள் வீட்டில் வைத்தார். தனக்குப் பக்கத்தில் ஆள் இருத்த மட்டும் என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை முடிவை மாற்றினாள். என்னுடைய சத்தத்துக்குப் பிறகு நானும் நிறுத்தவேண்டும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஐந்தாம் மாடியை அண்ணாந்து பார்க்கவேண்டும். அவர் சில்வர் டம்ளரால் யன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவார். அது கேட்டால்தான் கச்சேரி முடியும். கேட்காவிட்டால் எல்லோரும் மேலே ஓடவேண்டும்.

அப்படியே சில தடவைகள் நடந்தது. டிங், டிங் என்று கேட்கும்வரை மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் தட்டு வரவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். கடலோரத்து ரயில் ஒன்று போய் முடிந்தது. அதன் பிறகும் வரவில்லை. நான் படிக்குப் பாய்ந்தபோது, தனக்கென்று வாங்கி, சாரத்து இடுப்பில் செருகி வைத்திருந்த ஸ்பானரை உருவிக்கொண்டு நானா எனக்கு முன்னால் நின்றார். அப்போதுதான் மேலே டிங், டிங் என்றது.

இருந்தும் நான் நிற்கவில்லை. ஒரே மூச்சில் ஏறிப்போனேன். அவர் யன்னலோரக் கதிரையில் டம்ளரும் கையுமாக, கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"விளையாட்டோ உங்களுக்கு? என்ர உயிர் போட்டுது!"

மூச்சைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, "எல்லாரும் எனக்காகப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். அதை ஒருக்கா ஆறுதலா இருந்து பாக்கோணும் போல இருந்தது," என்றார்.

"இந்த இருட்டில என்ன தெரிஞ்சது உங்களுக்கு?"

"ஒண்டும் தெரியேல்லை. ஆனா ஒருத்தரும் மூச்சு விடேல்லை. அது கேட்டது."

யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் போகவில்லை, இன்னும் அண்ணாந்துகொண்டுதான் நின்றார்கள். அவருடைய கையிலிருந்த டம்ளரை வாங்கி நானே கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினேன். கீழே கதிரைகளை மடக்கத் தொடங்கும் சத்தம் கேட்டது.