படுத்துக் காவல் காத்த பேண்ட்டுகள்

பெருங்களத்தூரில் ஒரு நர்சரியில் நேற்று வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் உரமூட்டை ஒன்றின் வாயைப் பிரித்தார். மக்கிய இலை வாசம். மழைவிட்ட மறுநாள் மரத்தடியில் வருமே, அது. கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போனவன் அதை மறந்து, வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளே, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வாசம் ஒரு காலத்தில் நம் வாசல் முழுக்க இருந்தது. பாப்பா, நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். தம்பி பிறக்கவில்லை. முடிச்சூர் பக்கம் இந்த வீட்டைக் கட்டிய புதிதில், முன்வாசலில் ரப்பீஸ் கொட்டி, அதாவது இடித்த கட்டடத்துச் செங்கல்லும் காரையும் கொட்டி, மேலே சிமென்ட் பூசியிருந்தேன். பளபளவென்று இருக்கும். சிந்திய பாலைக்கூடக் குடிக்காத தரை மழையை எங்கே குடிக்கும்? மேட்டுத் தெருவிலிருந்து சரிந்து வந்த தண்ணீர் அதில் வழுக்கி நேரே கூடத்துக்குள் வந்தது. முதல் வருடம் கட்டில் காலை நனைத்தது, அடுத்த வருடம் மெத்தையை.

அம்மா சத்தம் போடவில்லை. "இன்னொரு வாட்டி உள்ள வந்துச்சுன்னா பாப்பாவத் தூக்கிக்கிட்டு படப்பைக்குப் போயிடுவேன். நீங்க இந்த வீட்ட வித்துட்டு வாங்க" என்றாள். படப்பை அவள் பிறந்த ஊர். சொன்னால் செய்கிறவள், உங்களுக்கே தெரியும்.

நான் மூளையைப் பயன்படுத்தினேன். அதுதான் தப்பு. கேட்டுக்கு முன்னால் ஒரு சாண் உயரத்துக்கு சிமென்ட் கரை கட்டினேன். அடுத்த மழையில் நம் வீடு காய்ந்து கிடந்தது. மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு டெய்லர் பஷீர் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்தார்.

"உங்க வூட்டுத் தண்ணி சார். அட்ரஸ் மாறி எங்க வூட்டுக்கு வந்துடுச்சு. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்குப் பின்னால், அவர் வீட்டுக்குள், தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே கரையை உடைத்தேன்.

ஒரகடம் பக்கம் நான் ஃபிட்டராக இருந்த கம்பெனியில் சரிவான மண்மேடு ஒன்று உண்டு. தோட்டவேலை பார்த்த செல்வி, மக்கிய தழை அடைத்த நீளப் பைகளை அதில் குறுக்கே படுக்க வைத்திருந்தாள். மழையில் போய்ப் பார்த்தேன். மேலே கலங்கலாக வந்த தண்ணீர் பைக்குள் நுழைந்து, கீழே தெளிந்து, நிதானமாக நடந்துபோனது. வெறும் மண்ணை அடைத்தால் என்ன என்று கேட்டேன். "மண்ணடைச்சா அதுவும் செவுருதாண்ணா. தழைன்னா உள்ள வாங்கி வெளிய வுடும்" என்றாள். பத்தாவது வரை படித்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

முன்வாசல் சிமென்ட்டைக் கொத்தினேன். ரப்பீஸை வாரிவிட்டு, மண்ணில் மக்கிய உரத்தைக் கலந்து நிரப்பி, செடிகள் நட்டேன். நீளப் பைக்கு எங்கே போவது? கம்பெனி ஆட்களிடம் பழைய காக்கி யூனிஃபார்ம் பேண்ட்டுகளை வாங்கி வந்தேன். பஷீர் பாய் கால்களை வெட்டி, ஒரு பக்க வாயைத் தைத்துக் கொடுத்தார். "அளவு எடுக்காம தைக்கிற மொத பேண்ட் இதான் சார்" என்றார். உரமும் தேங்காய் நாரும் அடைத்து, இரண்டு வீட்டு வாசலிலும் சரிவுக்குக் குறுக்கே போட்டோம். கடைசி ஒன்றை வெட்ட நேரமில்லை. முழுப் பேண்ட்டாகவே அடைத்து, இடுப்பைக் கயிற்றால் கட்டி, சுவரோரம் முன்பே வளர்ந்திருந்த செம்பருத்திக்கு அடியில் கிடத்தினேன்.

மறுநாள் காலையில் மீன்காரம்மா குரல் கேட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு செம்பருத்திக்குள் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"சார், எய்ந்துரு சார். போலீஸ்காரரே இப்டிக் கவுந்து கெடந்தா பப்ளிக் இன்னா பண்ணும்?"

பாதித் தெரு கூடிவிட்டது. நான் அந்தப் பேண்ட்டைத் தூக்கிக் காட்டியபோது அந்தம்மா சிரிக்கவில்லை. "இத்துக்கா நா அரமணி நேரம் புத்தி சொன்னேன்" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வாரம் நம் வீட்டுக்கு மீன் இல்லை.

ஐப்பசியில் பெருமழை வந்தது. விடிந்ததிலிருந்து பேண்ட்டுகளை வேடிக்கை பார்க்கத் தெருவே குடையோடு வாசலில் நின்றது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நிலைப்படியில் நின்றாள். படப்பைக்குத் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. தண்ணீர் வேகமாக வந்தது, பேண்ட்டுகளில் முட்டியது, தயங்கியது, கசிந்து பரவியது. செம்பருத்தி மண் மடமடவென்று குடித்தது. முதல் படி நனைந்தது. இரண்டாவது படியின் விளிம்பில் வந்து நின்ற தண்ணீரை நான் குனிந்து பார்த்தேன். அதற்குமேல் ஏறவில்லை. எதிரே பஷீர் பாய் தன் படியைக் காட்டி, காய்ந்திருக்கிறது என்று கையசைத்தார். அம்மா உன்னை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"ஊறப்போட்ட அரிசிய அரைச்சிடவா?"

மாவு புளிக்க ஒரு நாள் ஆகும். அப்படியென்றால் நாளைக்கும் இங்கேதான்.

காக்கித் துணி இரண்டு மழைக்காலத்தில் மக்கி மண்ணோடு போயிற்று. அதற்குள் செடிகளே வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டன. பஷீர் பாய் மகனோடு வேறு பக்கம் போய்விட்டார். மழையென்றால் குடையோடு வெளியே வந்து, கேட்டுக்குக் கேட்டு கேலி பேசுகிற வழக்கமும் போயிற்று. போன ஐப்பசியில் நல்ல மழை. பழைய ஞாபகத்தில் நான் மட்டும் வாசலில் போய் நின்றேன். தெருவில் ஒருத்தரும் இல்லை. வந்திருந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.