வாரண்டி போய்விடுமாம்

ஆரியசாலையில் எங்களுக்கு அரிசி மொத்தக் கடை. பழைய லாரியை விற்று, பவர் ஸ்டீயரிங் வைத்த புதிய வண்டி வாங்கும்படி அப்பாவை நச்சரித்தவன் நான்தான். சில மாதத்திலேயே கரமனை அருகிலிருந்து டிரைவர் செல்வம் அண்ணன் போன் செய்தார். "தம்பி, ஏர் பிரேக்ல காத்து நிக்கல. பக்கத்து ஒர்க்‌ஷாப்ல காட்டட்டா?"

ஷோரூமில் கேட்டேன். "வெளியாள் தொட்டா வாரண்டி போகும், கேட்டோ? மெல்ல ஓட்டிட்டு வரச் சொல்லு" என்றார் மலையாளியான சர்வீஸ் மேனேஜர். அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி மதிலில் மோதியது. கேபினை வெட்டித்தான் அண்ணனை வெளியே இழுத்தார்கள். வலது கால் போய்விட்டது. மறுநாள் வந்த மேனேஜர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேபினை வெட்டினது யாரு? இனி வாரண்டி இல்லை, சாரே" என்றார்.

இப்போது மறுபடி ஒரு பழைய லாரியைத்தான் வாங்கி ஓட்டுகிறோம். பிரேக்கில் சந்தேகம் என்றால் நின்ற இடத்துக்கே மெக்கானிக்கை வரவழைக்கிறேன். மெல்ல ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், "நீங்களே ஏறுங்க" என்று சாவியை நீட்டுகிறேன். இதுவரை ஒருவரும் வாங்கியதில்லை.