புளி போட்டு மினுக்கிய அட்டியல்

எங்கள் வீட்டில் என்னைவிட வயதான பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என் மனைவியின் முத்து அட்டியல். என்னைப் போல் அல்லாமல், வயது ஏற ஏற அதற்கு மதிப்புக் கூடிக்கொண்டு போனது.

எங்கள் ஊர் நாரந்தனையில் எல்லோரையும் போல நானும் நகையைப் பவுண் கணக்கில் மட்டும் அறிந்தவன். யாராவது ஒரு சங்கிலியைக் காட்டினால் எத்தனை பவுண் என்று கேட்பேன். பதில் வந்ததும் தலையாட்டுவேன். அதோடு என் நகை ரசனை முடிந்துவிடும். இந்த அட்டியலிடம் அந்தக் கேள்வி எடுபடவில்லை. உள்ளே அரக்கு, வெளியே முத்து. தராசில் வைத்தாலும் பொன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் அதைப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்துப் பார்த்தே எனக்கு அதில் ஒரு மையல் வந்துவிட்டது.

கடைகளில் இப்போது வரும் பொன் கண்ணைக் குத்தும். இது குத்தாது. மஞ்சளுக்குள் பனம்பழக் களியை ஒரு சொட்டுக் கலந்தது போல ஒரு நிறம். மேலும் கீழுமாக இரண்டு வரிசை முத்து. கடுகுக்குக் கொஞ்சம் பெரிது, மிளகுக்குக் கொஞ்சம் சிறிது. ஒன்று உருண்டை, ஒன்று முட்டை, இன்னொன்று பக்கத்தில் இருப்பதோடு கோபித்துக்கொண்டு திரும்பி இருக்கும். எல்லாம் மன்னார்க் கடல் முத்து என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவரும் எங்கள் பக்கத்து மண்கும்பான் கடலில்கூட இடுப்புக்கு மேல் இறங்கியவர்கள் அல்ல.

நடுவில் ஒரு பதக்கம். செய்தவர் அன்னம் என்று நினைத்துத்தான் தொடங்கியிருப்பார். பாதி வழியில் அவருக்குக் கரையில் சிறகு காயப்போடும் நீர்க்காகத்தின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பறவைக்கு அருமையான ஒரு கண் இருந்தது. பொன்னில் குத்திய சின்னப் புள்ளி, அதற்குள் கறுப்பு. மனைவி அதைப் போட்டுவந்த சில கலியாண வீடுகளில் நான் இரண்டாம் தரம் பாயாசம் வாங்கும்போதெல்லாம் அவள் கழுத்திலிருந்து அது என்னையே பார்க்கும்.

அட்டியல் மனைவியின் பெரியம்மாவுடையது. பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கையின் பெண்கள் இருவர்தான் அவருக்கு எல்லாம். மூத்தவள் என் மனைவி, இளையவள் பிறகு கனடா போனவள். காப்பு, சங்கிலி என்று பாரமான நகைகளை எல்லாம் இளையவளுக்குக் கொடுத்த பெரியம்மா, அட்டியலை என் மனைவியின் கையில் வைத்தார்.

"இது உனக்கு. நீதான் போடுவாய். அவள் பூட்டி வைப்பாள்."

அன்று அந்தத் தங்கச்சியின் முகம் வாடிப் போனது. கனடாவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் என் சுகத்தை ஒரு வசனத்தில் விசாரிப்பாள், அட்டியலின் சுகத்தை மூன்று வசனத்தில் விசாரிப்பாள்.

என் மனைவியோ அதை லேசில் போடமாட்டாள். களவு போய்விடும், முத்துக் கழன்று விழுந்துவிடும், வியர்வை பட்டுவிடும் என்று மூன்று காரணங்கள். பஞ்சில் சுற்றி, பால்மா டின்னுக்குள் வைத்து, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் பூட்டினாள். கலியாண வாழ்க்கையில் நான் அதைக் கழுத்தில் கண்டது நாலு தரம். ஆட்களை அளப்பதில் பெரியம்மா பிழைவிட்டது அந்த ஒரு இடத்தில்தான். என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

போன வருடம் தங்கச்சி குடும்பத்தோடு வந்தாள். வருமுன்னே தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

"அக்கா, நயினாதீவு அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கு. நீங்கள் அட்டியலைப் போட்டுக்கொண்டு வாங்கோ. பிள்ளையள் கண்ணால பாக்கவேணும்."

மனைவி டின்னைத் திறந்து அட்டியலை எடுத்தாள். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பொன் மங்கிப் போச்சு. நாளைக்கு நகை செய்யிற பத்தரிட்டக் காட்டவேணும்" என்றாள். அதைக் கட்டிலில் பஞ்சின்மேல் வைத்துவிட்டு, சட்டை தைக்கக் கொடுக்க யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள்.

என்னிடம் உள்ள ஒரே திறமையை இங்கே சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் விளக்குகளைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டுவந்து மினுக்குவது நான்தான். பழப்புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு. நான் தேய்த்த விளக்கில் நீங்கள் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். "நீர் மினுக்கினா கொளுத்தத் தேவையில்லை" என்று ஐயர் ஒருமுறை சொன்னார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றும் சனிக்கிழமை. குசினியில் ஒரு சட்டி புளி கரைத்து இருந்தது. கட்டிலில் மங்கிய அட்டியல் இருந்தது. வீட்டில் என்னைத் தடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

நகை என்பதால் தும்பை விட்டுப் பஞ்சை எடுத்தேன். சாம்பலும் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு விவேகம் இருந்தது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். புளியை நன்றாக அப்பி, விளக்குக்குச் செய்வது போலவே ஊறவிட்டு, ஒரு தேத்தண்ணி போட்டு ஆறுதலாகக் குடித்தேன். பிறகு வந்து தேய்த்துக் கழுவினேன்.

பொன் என்றால் பொன்! நேற்றுத்தான் கடையில் வாங்கியது போல மினுங்கியது. முத்துகள்தான் ஏதோ மாதிரி இருந்தன. ஈரம் என்று நினைத்து விசிறியின் கீழ் வைத்தேன். காய்ந்தபிறகு இன்னும் மோசமாயிற்று. ஒளி போய், அவித்து ஆறிய சவ்வரிசி போல வெளிறிக் கிடந்தன. பிறகுதான் பறவையைப் பார்த்தேன். கண்ணைக் காணவில்லை. அந்தப் புள்ளிக்குள் இருந்த கறுப்பு, எத்தனையோ வருட அழுக்கு என்பது அப்போதுதான் விளங்கியது. அழுக்கு என்று நான் துடைத்தது அதன் பார்வையை.

பெரியம்மாவின் வீடு விழுந்து, காணி பற்றைக்காடாகி, இடப்பெயர்வில் எல்லாம் போய், மிஞ்சி வந்தது இது ஒன்றுதான். அதை ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் நான் முடித்துவிட்டேன். இன்னும் ஆறு நாளில் தங்கச்சி அதைப் பார்க்கப் போகிறாள். மனைவி அவள் முகத்தில் எப்படி விழிப்பாள்?

தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தேன். முத்துகள் பத்து நிமிடம் பளபளத்துவிட்டுத் திரும்பவும் சவ்வரிசியாயின. இன்னும் கொஞ்சம் பூசினேன். கடைசியில் எண்ணெய் சொட்டச் சொட்டப் பஞ்சில் சுற்றி, டின்னில் போட்டு, அலுமாரிக்குள் வைத்துவிட்டு மனைவிக்குத் தேத்தண்ணி போட்டேன்.

அவள் வந்ததும் சேலை மாற்றப் போனாள்.

"என்னப்பா, அலுமாரி ஏன் குசினி மாதிரி மணக்குது?"

"இஞ்சேரும், நீர் முதல்ல இருந்து தேத்தண்ணியைக் குடியும்."

"நீங்கள் தேத்தண்ணி போட்டனீங்களோ?" அவள் குரல் மாறிவிட்டது. "என்னத்தை உடைச்சனீங்கள்?"

"உடைக்கேல்லை. மினுக்கினனான்."

டின்னைத் திறந்தாள். பஞ்சைப் பிரித்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. சேலைத் தலைப்பால் எண்ணெயை ஒற்றி ஒற்றி எடுத்தாள். எனக்கு அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அவளுக்கு நான் என்ன சொல்லுவன்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் காலையில் ஊர்காவற்றுறையில் பத்தரின் வீட்டுக்குப் போனோம். பத்தர் என்னைவிடப் பத்து வயது இளையவர். கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்தி அட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். என் குற்றம் அவருக்குப் பத்து மடங்காகத் தெரிந்திருக்கும்.

"அண்ணை, புளியோ?"

"ஓம்."

"முத்து எண்டா என்னண்டு நினைச்சனீங்கள்? அதுவும் சிப்பி மாதிரித்தான். புளிப்புப் பட்டா மேல்தோல் அரிச்சுப் போயிடும். இன்னும் கொஞ்சநேரம் விட்டிருந்தா ரசம் வைச்சிருக்கலாம்."

"இனி என்ன செய்யலாம், தம்பி?" என்று மனைவி கேட்டாள்.

"கழட்டிப்போட்டுப் புது முத்துக் கட்டலாம், அக்கா. எல்லாம் ஒரே அளவா, ஒரே வெள்ளையா இருக்கும்." ஒரு சரத்தை எடுத்துக் காட்டினார்.

மனைவி அதை அட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பொய்ப்பல்லுக் கட்டின மாதிரி இருக்கு" என்றாள். "வேற வழி இல்லையோ?"

"இருக்கு. போடுங்கோ. ராப்பகலாக் கழுத்தில கிடக்கட்டும். உடம்புச் சூட்டிலயும் தோல் எண்ணெயிலயும் முத்து கொஞ்சம் தெளியும். பழையபடி வராது. கொஞ்சம் வரும். பூட்டி வைச்சா அதுவும் வராது. நல்லா இருந்த முத்தே பூட்டி வைச்சா வறண்டு போகும் எண்டது உங்களுக்குத் தெரியாதோ?"

மனைவி அங்கேயே கொக்கியை மாட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுக் காட்சி. வீட்டுச் சட்டையும் முத்து அட்டியலுமாக என் மனைவி கோழிக்குத் தவிடு போட்டாள். அட்டியலோடு தேங்காய் துருவினாள். அட்டியலோடு மிளகாய் வறுத்துத் தும்மினாள். முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கை கழுத்துக்குப் போய், இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கவரிங் எங்கை வாங்கினனீங்கள்? நல்ல வடிவு. பழசு மாதிரியே செய்திருக்கிறாங்கள். முத்துத்தான் பிளாஸ்டிக் எண்டு பாக்கத் தெரியுது."

நான் கிணற்றடியில் பாதி இழுத்த வாளியோடு நின்றேன். மனைவி ஒரு கணம் யோசித்தாள்.

"யாழ்ப்பாணத்தில" என்றாள். "இவர்தான் ஆசையாய்ச் செய்து தந்தவர்."

அதற்குப் பிறகு கழுத்துக்குக் கை போவது நின்றுவிட்டது. கவரிங்கை யார் களவெடுக்கப் போகிறார்கள்? அலுமாரிப் பூட்டு தராத நிம்மதியை என் புளி தந்துவிட்டது. இதை நான் அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் தங்கச்சி குடும்பத்தோடு நின்றாள். கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், படகில் ஏறினோம். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தபோதுதான் தங்கச்சியின் கண் அக்காவின் கழுத்தில் ஊன்றியது. வழி முழுக்க நான் ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். கடற்காற்று, உப்பு, காலநிலை மாற்றம் எல்லாம் அதில் இருந்தன.

"அக்கா, முத்து ஏன் இப்பிடி இருக்கு?"

எஞ்சின் சத்தம். நான் வாயைத் திறக்குமுன் மனைவி முழுப் படகுக்கும் கேட்கக் கத்தினாள். "உன்ர அத்தார் புளி போட்டு மினுக்கினவர்!"

முன் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பி, அத்தார் யார் என்று தேடினார்கள். நான் கடலைப் பார்த்தேன். தங்கச்சி சிரிக்கவில்லை. விரலால் ஒவ்வொரு முத்தாகத் தடவிக்கொண்டு போனாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பத்தர் கழட்டாமப் போடச் சொன்னவர்" என்றாள் மனைவி. "ஆறு நாளாப் போட்டிருக்கிறன்."

"ஆறு நாளாவோ? சமைக்கேக்கையும்?"

"சமைக்கேக்கை, குளிக்கேக்கை, படுக்கேக்கை. மனுசன் குறட்டை விடேக்கையும்."

தங்கச்சி குனிந்து அட்டியலை மணந்து பார்த்தாள். "ஐயோ, மிளகாய்த்தூள் மணக்குது!" என்று சிரிக்கத் தொடங்கியவள் நயினாதீவு வரும்வரை நிறுத்தவில்லை. இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்குத் தந்த காப்பெல்லாம் பாங்கில கிடக்கு, அக்கா. நானே கண்டு எத்தினை வருசம். பெரியம்மா சரியாத்தான் சொன்னவ."

கோயில் வாசலில் அட்டியலை வாங்கித் தன் கழுத்தில் மாட்டி ஒரு படம் எடுத்தாள். படத்தில் என் வண்டி வயிறும் பாதி விழுந்தது. பிறகு அவளே கழற்றி, அக்காவைத் திருப்பி நிறுத்தி, பின்கழுத்துத் தலைமயிரை ஒதுக்கிக் கொக்கியை மாட்டிவிட்டாள்.

"கழட்டிப் போடாதேங்கோ" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அத்தார், என்ர காப்புகளையும் ஒருக்கா மினுக்கித் தாறியளோ?" என்றாள்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. அட்டியல் இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது. பால்மா டின்னில் இப்போது மல்லி இருக்கிறது. முத்துகளில் ஒளி கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று நான் சொல்வேன். அது ஜன்னல் வெளிச்சம் என்று அவள் சொல்வாள். ஆனால் போன மாதம் அவள் எனக்குச் சோறு போடக் குனிந்தபோது ஒன்றைக் கண்டேன். மிளகாய்த்தூளோ, தவிடோ, வியர்வையோ, எது போய்ச் சேர்ந்ததோ தெரியாது. பறவைக்குத் திரும்பவும் கண் வந்துவிட்டது. நான் அப்போது மூன்றாவது தரம் அப்பளம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் நான் இன்னும் விளக்கு மினுக்குகிறேன். அந்த வழியால் போக வேண்டியிருந்தால் என் மனைவி ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு, புளிச் சட்டியிலிருந்து நாலு முழம் விலகித்தான் போவாள்.