மடியைத் தின்ற கூட்டணி

கேப்பைக் கூழ் குடித்தே இளைத்துவிடலாம் என்று நம்பிய ஒரே விழுப்புரத்துக்காரன் நான்தான். காலையும் மாலையும், தள்ளுவண்டியில் பெரிய சொம்பு நிறைய. கடித்துக்கொள்ள வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. சிரிக்காதீர்கள்... காரணம் இருந்தது.

திண்டிவனத்தில் இருக்கும் தங்கை போன் செய்திருந்தாள். அவள் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். மூத்தவன் நான்.

“அண்ணா, நீ உக்காந்தா மடின்னு ஒண்ணு இருக்குதா? தொப்பைதான முட்டி வரைக்கும் வருது! புள்ள வழுக்கிக்கினு வுழுந்துடும். சின்ன அண்ணன் மடியிலயே வச்சிக்கிறேன்.”

என் தம்பி ஒல்லி. வேறு தகுதி எதுவும் அவனிடம் இல்லை. அவனிடமா பதவியைப் பறிகொடுப்பது?

கவலையில் படிக்க உட்கார்ந்தவனுக்கு ஓர் அதிசயம் கிடைத்தது. நம் குடலில் நுண்ணுயிர்கள் கூட்டுத் தொழில் நடத்துகின்றன! நம்மால் செரிக்க முடியாத நாரை ஒரு கூட்டம் உடைக்கிறது. அதில் ஹைட்ரஜன் வருகிறது. அது தேங்கினால் வேலை மந்தம் — முன்னால் வந்த வண்டி பிளாட்பாரத்தைக் காலி செய்யாவிட்டால் நம் ஜங்ஷனில் என்ன ஆகும்? அப்படித்தான். உடனே இன்னொரு கூட்டம் அந்த ஹைட்ரஜனை எடுத்து மீத்தேனாக மாற்றிவிடுகிறது. லைன் கிளியர்! முதல் கூட்டம் உற்சாகமாக உடைக்கிறது. நமக்குக் கூடுதல் சத்து... கூடுதல் கொழுப்பு. எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் இன்னும் முடிவாகவில்லையாம்.

எனக்கு முடிவாகிவிட்டது. குற்றவாளி நானல்ல!

புளித்த கூழோடு புது நுண்ணுயிர்களை உள்ளே அனுப்பி, அந்தக் கூட்டணியை உடைப்பது என் திட்டம். விசேஷத்தன்று பட்டுச் சட்டையின் பட்டன்தான் உடைந்தது.

மூத்தவன் என்ற உரிமையில் தம்பியை முந்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள், வழுக்கியது. மறுபடி வைத்தார்கள், மறுபடி வழுக்கியது. தம்பி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். பதறிப்போய் நான் பின்னால் சாய்ந்து, குழந்தையைத் தூக்கித் தொப்பை மேலேயே வைத்தேன். அடடா! சிம்மாசனத்தில் இருப்பது போல அசையாமல் உட்கார்ந்தது.

“இப்பிடியே இருங்க சார்,” என்றார் காது குத்த வந்த பத்தர். “எனக்கும் குனியற வேலை மிச்சம்.”

ஜெயித்துவிட்டேன். பந்தியில் சும்மா இருப்பேனா? சாம்பாரை ஒரு கூட்டமாகவும் ரசத்தை இன்னொரு கூட்டமாகவும் வைத்து, இலையிலேயே ஹைட்ரஜன் பாடம் நடத்தினேன். உள்ளே இருக்கும் கூட்டாளிகள்தான் இன்று என் மானத்தைக் காப்பாற்றினார்கள் என்று முடித்தேன்.

பக்கத்து இலையிலிருந்து மனைவி திரும்பினாள்.

“அதுங்க உள்ள கூட்டு சேந்துக்கினு வேலை பாக்குது, சரிங்க. இப்ப மூணாவது வடைய வாங்கி வாயில போட்டது எந்தக் கூட்டம்?”