புள்ளி என்றால் கபடிப் புள்ளி என்று நினைத்தேன்

மாகறல் தாண்டி உத்திரமேரூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு ஜெர்சி, முழங்கால் உறை, கிழித்துப்போட மனம் வராத மார்க் பட்டியல். ஐந்து தாள் எழுதி ஐந்திலும் தோற்றிருந்தேன். தை மாதம், வழியெல்லாம் அறுவடை. காஞ்சிபுரம் பக்கத்துக் கல்லூரி விடுதியிலிருந்து காலையில் புறப்பட்டவன், திரும்பிப் போவதாக இல்லை.

கபடியால் கிடைத்த இடம் அது. எங்கள் வீட்டில் எல்லோரும் கூலி வேலை. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் யாரும் இல்லை. கல்லூரிக் கபடி மாஸ்டர்தான் பக்கத்தில் நின்றார்.

"வரலாறுன்னு எழுதுடா. நம்ம பிளேயருங்க எல்லாம் அங்கதான் கீறானுங்க. யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

நான் பாடப்பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தேன். புள்ளியியல் என்று ஒன்று இருந்தது. ரெய்டு போனால் புள்ளி, ஆளைப் பிடித்தால் புள்ளி. நமக்குத் தெரிந்த விஷயம் என்று அதையே எழுதினேன். பள்ளியில் கணக்கு ஒருவழியாகத் தேறியிருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் வகுப்பிலேயே அது வேறு என்று தெரிந்துவிட்டது. விஷயம் விடுதிக்குப் பரவி, என் பெயரே புள்ளி ஆனது.

"இன்னா புள்ளி, இன்னிக்கி கிளாஸ்ல எத்தினி ரெய்டு போன?"

மார்க் வந்த அன்று மாஸ்டர் கூப்பிட்டார். தேறாதவனை அடுத்த போட்டியில் இறக்க முடியாதாம்.

"கவலப்படாத. உன் ஹால் டிக்கெட்ல வேற ஒருத்தன் எழுதுவான். உனுக்குக் காலு கீது, அது போதும். தலைய வாடகைக்கு எடுத்துக்கலாம்."

அவர் நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார். அடியும் பட்டினியும் எனக்குப் புதிதல்ல. தலை இல்லாதவன் என்று நானே ஒப்புக்கொள்வதுதான் முடியவில்லை.

அப்படிப் புறப்பட்டு நடந்தவன், செய்யாற்றுப் பாலத்தில் பையை இறக்கி வைத்து ஜெபம் பண்ணினேன். அழகாக ஜெபிக்க எனக்கு வராது. "ஆண்டவரே, விளையாட்டு வேண்டாம், மார்க்கும் வேண்டாம். எனக்குத் தலை வைத்துப் படைத்தீரா இல்லையா, அதை மட்டும் காட்டும்" என்றேன். அழுதேன்.

ஒரு டெம்போ வந்து நின்றது. உத்திரமேரூரில் நெல் மண்டி வைத்திருக்கும் பாய்.

"இன்னாபா, ஆத்தையே பாத்துக்கினு நிக்கிற? குதிச்சாலும் முட்டி வரிக்கும்தான் தண்ணி கீது. ஏறு. ஒடம்பு நல்லா வெச்சிக்கிற, மூட்ட தூக்குவியா? காலைல வா."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே கல்லூரிக்குப் போய், என் பரீட்சையை நானே எழுதுவேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். அணியில் இடம் போயிற்று. அதன்பின் வாலாஜாபாத் அரிசி ஆலை, லாரி, ஓட்டல் என்று திரிந்தேன். இன்னும் ஓரிடத்தில் நிற்கத் தெரியவில்லை. பட்டமும் முடியவில்லை. ஆனால் தோற்ற ஐந்தில் நான்கு தாளை நானே எழுதித் தேறிவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சபையாரே, "உனக்கு இது போதும்" என்று யாராவது அளந்து கொடுத்திருந்தால், அத்தோடு அடங்கிவிடாதீர்கள். படைத்தவரிடமே கேளுங்கள். எனக்குப் பதில் மறுநாள் காலையிலேயே வந்தது.

மண்டியில் நூறு மூட்டை வந்து அடுக்கியிருந்தது. குத்தூசி பிடிக்கும் ஆள் அன்று வரவில்லை. மூட்டையில் குத்தினால் ஒரு பிடி நெல் வெளியே வரும், அந்த ஊசியைப் பாய் என் கையில் கொடுத்தார்.

"அஞ்சாறு மூட்ட குத்து. ஈரம் கீதா பாக்கணும்."

முன்வரிசை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. குத்தப் போனவன் நின்றேன். கைக்கு எட்டுவதையே எடுத்தால் அது சரியான சாம்பிள் ஆகாது, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்று ஆசிரியர் பலகையில் எழுதியது நினைவுக்கு வந்தது. அன்று அது விளங்கவே இல்லை. முன்னால் ஒன்று குத்தினேன். மேலே ஏறி, பின்வரிசையில் இரண்டு, நடுவில் ஒன்று, அடியில் இரண்டு. முன்வரிசை நெல் காய்ந்து உதிர்ந்தது; பின்வரிசை நெல் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியது.

பாய் நெல்லைக் கடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பின்னால ஏறிக் குத்தணும்னு உனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"காலேஜ்ல, பாய்" என்றேன்.

மூட்டை தூக்கப் போனவன் நான். அன்று மாலைவரை குத்தூசியை அவர் என் கையிலிருந்து வாங்கவில்லை.